சுற்றுச்சுவரை நம்பிப் பணம் கட்டியவன் எழுதுவது

அனுப்புநர்:
ஒரு தகப்பன், மருத்துவத் துணி வியாபாரம், இராஜபாளையம்.

பெறுநர்:
உயர்திரு முதல்வர் அவர்கள், கிறித்தவக் கல்லூரி.
(ஊரும் பெயரும் வேண்டுமென்றே விடப்பட்டுள்ளன. போட்டால் தங்களுக்கு விளம்பரம் ஆகிவிடும்.)

பொருள்: கட்டுப்பாடு கேட்டுச் சேர்த்த பையனுக்குப் படிப்பைக் கொடுத்தது – ஆட்சேபம் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் சேர்க்கைக் கையேடு, பளபள அட்டை.

ஐயா,

நாங்கள் இராஜபாளையத்துக்காரர்கள். காவல் என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் ஊர் நாய்க்கு 2005இல் அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. இதே ஊரில் பிறந்து 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட பி.எஸ். குமாரசாமி ராஜாவைப் பற்றிக் கேட்டால் வெளியூர்க்காரன் முழிப்பான். நாயைப் பற்றிக் கேட்டால் வெள்ளை நிறம், ரோஸ் மூக்கு, குட்டி என்ன விலை என்று மடமடவென்று ஒப்பிப்பான்.

ஆகவே பையனுக்குக் கல்லூரி பார்க்கக் கிளம்பியபோது நான் பார்த்தது கேட்டின் உயரத்தை. அப்புறம் வாட்ச்மேன் மீசையை. அப்புறம் சுற்றுச்சுவர் மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருக்கிறதா என்பதை. நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேட்கத் தோன்றவில்லை. பையன் சேரப்போகிற துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், நிரப்பாமல் கிடக்கிற பணியிடம் எத்தனை என்றும் கேட்கவில்லை. மரத்தடியில் நின்ற மூன்றாம் வருடப் பையன்களிடம் போய், "தம்பி, இங்கே பாடம் நடக்குமா?" என்று விசாரிப்பதை அநாகரிகம் என்று நினைத்தேன். மீசை நன்றாக இருந்தது. பணம் கட்டினேன்.

உள்ளூரில் கல்லூரி இல்லாமலா போனேன்? 1973 முதல் இங்கே ராஜூக்கள் கல்லூரி இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டினால் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம். சிவகாசிக்குப் போனால் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி. ஆனால் எங்கள் தெருவில் ஒரு வைத்தியம் உண்டு. பிள்ளை கொஞ்சம் துடுக்கு என்றால், "வேதக்காரங்க காலேஜ்ல போட்டுரு, சரியாயிரும்" என்பார்கள். வடக்கே மதுரை, தெற்கே பாளையங்கோட்டை. நாங்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு எந்தப் பக்கத்துச் சுவர் உயரம் என்று பேசிக்கொண்டிருப்போம்.

வேதக்கோயில் எல்லாம் ஒன்று என்பதும் எங்கள் துணிபு. பாளையங்கோட்டை தூய யோவான் கல்லூரி 1878இல் ஆங்கிலிக்கன் மிஷன் தொடங்கியது, தூய சவேரியார் கல்லூரி 1923இல் இயேசு சபைப் பாதிரியார்கள் தொடங்கியது என்ற பேதமெல்லாம் பின்னால்தான் தெரிந்தது. தெரியாத குறைக்கு, சி.எஸ்.ஐ. சேகரகுரு ஒருவரை ஆள் வைத்துப் பிடித்து, சிபாரிசுக் கடிதம் வாங்கி, அதை ஆர்.சி. நிர்வாகத்தில் இருக்கிற தங்கள் அலுவலகத்தில் நீட்டினேன். வாங்கிப் பார்த்தவர் இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிறுபான்மைக் கல்லூரி தன் சமூகத்துப் பிள்ளைகளுக்கென்று ஒரு பங்கு இடம் வைத்துக்கொள்ள அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது, மிச்ச இடத்துக்கு மதிப்பெண்தான் பேசும், கடிதம் பேசாது என்று அவரே சொல்லியிருக்கலாம். சிரிப்பை அடக்குவதில் மும்முரமாக இருந்தார்.

அடுத்து, கட்டணம். பி.காம். என்றதும் கவுண்டரில் "எய்டடா, எஸ்.எஃப்.ஆ?" என்றார்கள். எதற்குக் காசு அதிகம் என்று கேட்டேன். எஸ்.எஃப்., அதாவது சுயநிதிப் பிரிவு, என்றார்கள். அதையே கொடுங்கள் என்றேன். துணி வியாபாரிக்கு விலை கூடினால் சரக்கு நல்ல சரக்கு. அரசு உதவிபெறும் பிரிவிலும் அதே பி.காம்., அதே பட்டம், கட்டணம் மட்டும் அதில் ஒரு சிறு பங்கு என்பது பையன் சொல்லித்தான் தெரிந்தது. அவனுக்கு எய்டட் பிரிவிலேயே இடம் கிடைத்திருக்குமாம். இதற்குத் தங்கள்மேல் குறை சொல்ல வழியில்லை. கவுண்டரில் தெளிவாகத்தான் கேட்டீர்கள்.

இனி முக்கியமான புகார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை வைத்திருக்கிற என் மைத்துனன் அப்போதே எச்சரித்தான். "அத்தான், மாத்திருவாங்க. பாத்துக்கிடுங்க." என் மனைவியும் அதே ஊர்தான், மார்கழி முப்பது நாளும் திருப்பாவை பிசகாமல் சொல்கிறவள். அவள் கையில் ஒரு மஞ்சள் கயிறு கட்டி அனுப்பினாள். முதல் லீவுக்கு வந்தபோது நாங்கள் பார்த்தது கயிறு இருக்கிறதா என்பதைத்தான். இருந்தது.

ஆனால் ஆடிப்பூரத்துக்கு வந்தானே, அன்றைக்குத் தெரிந்தது மாற்றம். தேர் பார்த்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டு அம்மாவிடம் கேட்கிறான், "நாச்சியார் திருமொழி முழுசாப் படிச்சிருக்கியாம்மா?" கல்யாண வீட்டில் சொல்கிற கனவுப் பாசுரங்கள் அவளுக்குத் தெரியும். மீதி? மொத்தம் 143 பாட்டு. ஆண்டாள் மன்மதனிடமே போய் வேண்டுதல் வைப்பதும், மேகத்தைத் தூது விடுவதும், பெருமாள் கையில் இருக்கிற சங்கைப் பார்த்துப் பொறாமைப்படுவதும் ஆண்டாள் தெருவிலேயே பிறந்த அவளுக்கு வரிசையாகத் தெரியவில்லை. பையன் சொல்கிறான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்கிறாள். எங்கே படித்தான்? பி.காம்.காரனுக்குப் பகுதி ஒன்று தமிழ் என்று ஒரு பாடம் உண்டாமே, தேறினால் போதும் என்று எல்லாரும் கைகழுவுகிற பாடம், அதில்! யாரிடம்? விவிலியத்தில் இருக்கிற பெயரை வைத்துக்கொண்டு, கழுத்தில் சிலுவை போட்ட ஒரு வாத்தியாரிடம். மைத்துனனுக்கு என்ன பதில் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மாற்றித்தான் விட்டீர்கள். ஆனால் போலீசில் எழுதிக்கொடுக்கிற மாதிரியான மாற்றமாக இல்லையே!

விசாரித்ததில், தங்கள் வகையறாவுக்கு இது பரம்பரைப் பழக்கம் என்று தெரியவருகிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி பாரிமுனைப் பக்கம் இருந்த காலத்தில் ராதாகிருஷ்ணன் என்றொரு மாணவர், இந்து மதத்தைப் பற்றி வகுப்பில் கேட்ட விமர்சனம் உறுத்தவே, தன் மதத்தில் என்னதான் இருக்கிறது என்று தேடப் போனார். 1908இல் வேதாந்தத்தின் அறநெறி பற்றி முதுகலை ஆய்வேடு எழுதினார். அதைப் பாராட்டியவர் ஏ.ஜி. ஹாக் என்ற மிஷனரிப் பேராசிரியர். கேள்வி கேட்டதும் நீங்கள், பதில் எழுதியதும் உங்கள் மாணவர், மெச்சியதும் நீங்கள். இதில் பெற்றோருக்கு என்ன வேலை?

கடல் தாண்டியும் இதே கதை. யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் 1823இல் அமெரிக்க மிஷனரிகள் ஒரு செமினரி தொடங்கினார்கள். பையன்கள் வானசாஸ்திரம் படித்தார்கள், தமிழும் படித்தார்கள், நல்ல உத்தியோகத்துக்குப் போனார்கள். ஊழியத்துக்குத்தான் எதிர்பார்த்த அளவு வரவில்லை. அந்த மனத்தாங்கலும் சேர்ந்து 1855இல் மூடினார்கள். அங்கே படித்த சி.வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர், சைவராக இருந்துகொண்டு 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். அந்தச் செமினரியை முதலில் நடத்திய டேனியல் பூர் பின்பு மதுரைக்கு வந்து சில வருடம் பள்ளிக்கூடங்கள் நடத்தினார். இன்றைக்கு அமெரிக்கன் கல்லூரி நூலகத்துக்கு அவர் பெயர்தான். அதே கல்லூரித் தமிழ்த்துறையில்தான் பட்டிமன்ற நடுவர் சாலமன் பாப்பையா பேராசிரியராக இருந்தார். பண்டிகைக் காலையில் எங்கள் வீட்டில் இட்லியை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுவதற்கு மூலகாரணம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது.

1978இலேயே சென்னைக் கிறித்தவக் கல்லூரி, லயோலா, அமெரிக்கன் கல்லூரி எல்லாம் தன்னாட்சி வாங்கிவிட்டன. தன்னாட்சி கல்லூரிக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். பையனுக்கும் வந்துவிட்டது. பாடத்திட்டத்தைக் கல்லூரியே வகுக்கிறதாம், கேள்வித்தாளும் கல்லூரியே எடுக்கிறதாம், பாடத்திட்டத்தைச் சேருவதற்கு முன்னால் இணையத்திலிருந்து இறக்கிப் பார்த்திருக்கலாமாம். நான் ஏறிட்டுப் பார்த்தது கேட்டைத்தான்.

இடையில் ஒருதரம் பையனைத் திரும்பக் கூட்டி வந்துவிடலாம் என்று நினைத்தேன். முதல் மாதம், போனில் ஒரே அழுகை. எட்டாம் வகுப்பிலிருந்து தமிழ்வழி. வகுப்பில் டெபிட், கிரெடிட் தவிர ஒன்றும் பிடிபடவில்லை. விடுதிச் சாம்பாரைப் பற்றி அவன் சொன்னதை இங்கே எழுத முடியாது. அசல் சான்றிதழெல்லாம் தங்களிடம் பிணையாக இருக்கும், அதைச் சொல்லியே இருக்கவைத்துவிடலாம் என்று தைரியமாக இருந்தேன். கேட்டால், சரிபார்த்த அன்றே கையில் கொடுத்துவிட்டீர்களாம். அசலைப் பிடித்துவைக்கக் கூடாது என்று 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு விதி போட்டிருக்கிறதாம். சேர்க்கைக் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்னால் விலகினால் சிறு செயல்முறைக் கட்டணம் போகக் கட்டியது திரும்ப வரும், தள்ளிப்போகப் போகக் குறையும், கடைசித் தேதி போய் 30 நாள் தாண்டினால் ஒன்றுமில்லை என்று அந்த விதியில் அட்டவணையே இருந்ததாம். விதியை மதிக்கிற கல்லூரியில் மாட்டிக்கொண்டேன் பாருங்கள். அதற்குள் ஓர் ஆங்கில ஆசிரியை, "சந்தேகத்தைத் தமிழ்லயே கேளு, பதில் நான் இங்கிலீஷ்ல சொல்றேன்" என்று அவனை உட்காரவைத்துவிட்டாராம். அழுகை நின்றது. பையன் நூலகத்துக்குப் போகத் தொடங்கியதும் அந்த மாதத்தில்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கேலியை ஓரமாக வைக்கிறேன். ராகிங் செய்ய மாட்டேன் என்று பையனிடமும் என்னிடமும் உறுதிமொழி வாங்கினீர்கள். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். 1996இல் சிதம்பரத்தில் நாவரசு என்ற மருத்துவ மாணவனை ஒரு சீனியர் கொன்றான். மறு வருடம் தமிழ்நாடு தனிச்சட்டம் போட்டது. நான் அளந்து பார்த்த சுவர், கேட், மீசை எதுவும் அந்தப் பிள்ளையைக் காத்திருக்காது. புகார் எண்ணைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். அங்கே இருக்கிற செயற்கை நீரூற்றுப் படத்தைக் கடைசிக்கு அனுப்பலாம்.

அப்படியே இன்னொன்றும் அச்சிட வேண்டுகிறேன், பெரிய எழுத்தில்: "இங்கு சேரும் பிள்ளை, கேட்ட பாடத்தைத் தவிர வேறு சிலவற்றையும் படித்துவிட்டு வீடு திரும்ப வாய்ப்புண்டு. நிர்வாகம் பொறுப்பல்ல." எங்கள் தெருவில் பாதிப் பேர் ஒதுங்கிக்கொள்வார்கள். தங்களுக்கும் விண்ணப்பக் கூட்டம் குறையும்.

இணைப்பு: விண்ணப்பம் ஒன்று. சின்னவளுடையது. பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் என் மனைவி போட்டிருக்கிறாள், என்னைக் கேட்கவில்லை. எய்டட் பிரிவு என்று அடிக்கோடிட்டிருக்கிறாள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பெண்கள் பள்ளி, ஆகவே புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு என்னென்ன தாள் வேண்டும் என்பதையும் கேட்டு எழுதியிருக்கிறாள். பாடத்திட்டத்தைச் சின்னவளே இறக்கிப் படித்துவிட்டாள். போனமுறை நான் பேசாமல் வந்த மரத்தடிப் பையன்களிடம் இவள் அண்ணனை அனுப்பி விசாரித்தாகிவிட்டது.

கையேட்டையும் என்னைப்போல் அட்டையோடு விடவில்லை. பெண்கள் விடுதிக் கதவு மாலை 6 மணிக்கு மூடப்படும் என்று ஒரு பக்கத்திலும், நூலகம் இரவு 8 மணி வரை திறந்திருக்கும் என்று இன்னொரு பக்கத்திலும் இருக்கிறதாம். நடுவில் இருக்கிற அந்த இரண்டு மணி நேரம் யாருக்கு என்று கேட்கிறாள். எழுத்துமூலம் பதில் தரவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கட்டணம் கட்டியவன்.