வ.ப.டா.

நியூ ஜெர்சி எடிசனிலோ டெக்ஸாஸ் ஃபிரிஸ்கோவிலோ ஒரு தமிழ் வீட்டுக்குப் போகிறீர்கள். இருபது வயதுப் பையன் ஒருவன் படுக்கையறைக் கதவைப் பாதி திறந்துவைத்து, தள்ளி நின்று, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அதையே முறைத்துக்கொண்டிருக்கிறான். பயப்பட வேண்டாம். காத்து கருப்பு எதுவும் அடிக்கவில்லை. அந்தக் கதவு சுவரோடு சேரும் கோணம் 40 டிகிரியா 43 டிகிரியா என்று பார்க்கிறான், அவ்வளவுதான். பையன் வருங்காலப் பல் டாக்டர்.

ஒவ்வொரு முறையும் இத்தனை நீளமாக எழுதினால் பக்கம் தாங்காது. வ.ப.டா. என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கப் பல் மருத்துவக் கல்லூரிகளில் இப்போது சேர்கிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்தான் என்பதால் வ.ப.டா. பெண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் கதவை முறைக்கும் வேலையை இங்கே ஒரு பையனிடம் ஒப்படைத்திருக்கிறோம். பெண்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அவனை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது டிஏடி என்னும் நுழைவுத் தேர்வு. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 1950 முதல் நாடு முழுவதும் நடத்திவருகிறது. மொத்தம் 280 கேள்விகள். உயிரியல் 40, பொது வேதியியல் 30, கரிம வேதியியல் 30, படித்துப் புரிந்துகொள்ளும் பகுதியில் 50, கணக்கில் 40. இடைவேளையையும் சேர்த்தால் ஐந்தேகால் மணி நேரம் உட்கார வேண்டும். இயற்பியல் கிடையாது. டாக்டருக்குப் படிப்பவர்கள் எழுதும் எம்கேட் தேர்வில் இயற்பியல் உண்டு. ‘ஏன் பல் மருத்துவம்?’ என்ற கேள்விக்கு வ.ப.டா. வெளியே சொல்லாத காரணங்களில் இதுவும் ஒன்று என்று நமக்கு ஒரு சந்தேகம்.

கூட்டிப் பார்த்தவர்களுக்கு 90 கேள்விகள் இடித்திருக்கும். அதுதான் விஷயமே. பேட் என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லும் புலனறிவுப் பகுதி. ஒரு மணி நேரத்தில் 90 கேள்விகள், அதாவது ஒன்றுக்கு 40 விநாடி. அதில் ஆறு வகை. ஒரு பொருளின் படத்தைக் காட்டி, இது எந்த ஓட்டை வழியாக இடிக்காமல் நுழையும் என்று கேட்பார்கள். மேலிருந்தும் முன்னாலிருந்தும் பார்த்த தோற்றங்களைக் கொடுத்துவிட்டு, பக்கவாட்டில் எப்படி இருக்கும் என்பார்கள். நாலு கோணங்களை வரைந்து சிறிதிலிருந்து பெரிதுக்கு வரிசைப்படுத்தச் சொல்வார்கள். பார்த்தால் நாலும் ஒட்டிப் பிறந்தவை. சதுரத் தாளை இரண்டு மூன்று மடிப்பு மடித்து ஓட்டை போட்டு, விரித்தால் எங்கெங்கே ஓட்டை என்பார்கள். கனசதுரக் கட்டிகளை அடுக்கி, அடிப்பக்கம் தவிர வெளியே தெரிகிற பக்கமெல்லாம் பெயிண்ட் அடித்ததாகச் சொல்லி, இரண்டு பக்கம் மட்டும் பெயிண்ட் பட்ட கட்டி எத்தனை என்பார்கள். கடைசியாக, தட்டையான அட்டையை மடித்தால் என்ன உருவம் வரும்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. பழக வேண்டும். எனவே வ.ப.டா. கோடை விடுமுறை முழுவதும் பழகுகிறான். தீபாவளி விருந்துக்கு ஒத்திகையாகச் செய்த மைசூர்பாகுத் தட்டைப் பார்த்தால் கை நீளாது, கண்தான் போகும். மேல் அடுக்கு மூலையில் இருப்பதற்கு மூன்று பக்கம் பெயிண்ட், ஓரத்தில் இருப்பதற்கு இரண்டு, நடுவில் இருப்பதற்கு ஒன்று. அம்மாவோ பிள்ளைக்கு இனிப்பு பிடிக்காமல் போய்விட்டது என்று தனியாகக் கவலைப்படுகிறாள்.

ஆறு மாத விசாவில் ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தாவுக்குப் பேரன் என்ன படிக்கிறான் என்று புரியவில்லை. கும்பகோணத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவர். ஒரு நாள் மதியம் காபியோடு வந்து பின்னால் நிற்கிறார். திரையில் ஒரு அட்டை விரிந்து கிடக்கிறது. கீழே நாலு உருவங்கள். பேரன் முப்பது விநாடியாக உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறான்.

“மூணாவது” என்கிறார் தாத்தா.

“எப்படித் தாத்தா?”

“முதல்ல இருக்கறதுல இந்த ஓரம் உள்ள போகாது, இடிக்கும். ரெண்டாவதுல அடி மூடவே மூடாது, சீரகமெல்லாம் கொட்டிப்போகும். நாலாவது பொட்டலமே இல்லை.”

மூன்றாவதுதான் சரி. அடுத்த ஐந்திலும் நாலை அவரே சொல்லிவிடுகிறார். நாள் பூராவும் துவரம்பருப்பையும் மிளகையும் தினத்தாளில் கட்டிக் கொடுத்த கைக்கு, கணினியில் மடிப்பது பெரிய காரியமாகத் தெரியவில்லை. பயிற்சிக்கு மாதக் கணக்கில் டாலர் கட்டியிருந்த அப்பா இதைக் கேள்விப்பட்டு அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

ஒரு காலத்தில் தேர்வே தாத்தாவின் பக்கம்தான் இருந்தது. டிஏடியின் ஆரம்ப வருடங்களில் மாணவன் கையில் சாக்குக் கட்டியைக் கொடுத்து, படத்தில் உள்ளபடி செதுக்கச் சொல்வார்கள். பல்லைச் செதுக்கப்போகிறவனுக்கு நியாயமான சோதனை. 1970களின் தொடக்கத்தில் அதை எடுத்துவிட்டுப் படம் பார்க்கும் சோதனையைக் கொண்டுவந்தார்கள். கனடாக்காரர்கள் இன்னும் பல ஆண்டுகள் விடவில்லை. அவர்களுடைய டிஏடியில் சோப்புக் கட்டி. கத்தி, அளவுகோல், பென்சில், அரை மணி நேரம். பக்கங்கள் தட்டையா, முனைகள் கூரா, இரு பாதியும் ஒத்துப்போகிறதா என்று அளந்து மதிப்பெண் போடுவார்கள். டொரண்டோ ஸ்கார்பரோ தமிழ் வீடுகளில் பிள்ளை சோப்போடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் குளிக்கப் போகிறான் என்று யாரும் நினைக்கவில்லை. கழிவாக விழும் சோப்புத் துருவலை வைத்து எத்தனை மாதம் துணி துவைக்கலாம் என்பது அம்மாக்களின் கணக்கு. அந்தச் சோதனையையும் சில ஆண்டுகளுக்கு முன் நிறுத்திவிட்டார்கள். இப்போது இரு நாட்டிலும் கண்ணுக்குத்தான் தேர்வு. கைக்கு இல்லை.

கை சும்மா இருந்தால் கல்லூரிக்காரர்கள் விடுவார்களா? விண்ணப்பத்தில் விரல் நுட்பத்துக்கு ஆதாரம் காட்டினால் நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். வ.ப.டா.வின் பழைய பாவங்களெல்லாம் இங்கே புண்ணியமாகின்றன. ஏழு வயதில் அழ அழக் கூட்டிப்போய்ச் சேர்த்த மிருதங்க வகுப்பு ‘நுண்ணிய இயக்கத் திறன்’ ஆகிறது. தங்கையின் வீணையும் அதே. மிருதங்க வாத்தியாருக்குத் தாம் பல் மருத்துவத்துக்கு ஆற்றிய தொண்டு இன்றுவரை தெரியாது.

எல்லாவற்றுக்கும் மணிக்கணக்கு உண்டு. பல் டாக்டரின் பின்னால் கைகட்டி நின்று வேடிக்கை பார்ப்பதற்கு ஷேடோயிங் என்று பெயர். 100 மணி நேரமாவது வேண்டும் என்பது பொதுவான பேச்சு. வ.ப.டா. இதற்கென்றே ஒரு எக்ஸெல் தாள் வைத்திருக்கிறான். டாக்டர் தும்மிய நேரம் கழிக்கப்படுவதில்லை. அடுத்த பத்தியில் சமூக சேவை. கோயில் திருவிழாவில் கார் நிறுத்துமிடத்தில் ஆரஞ்சுக் குச்சியை ஆட்டியது ‘தலைமைப் பண்பு’ என்று ஏறியிருக்கிறது. பாட்டியின் பல்செட்டைத் தேடிக் கொடுத்ததைச் சேர்க்கலாமா என்று யோசித்து, நல்லவேளையாக விட்டுவிட்டான்.

இவற்றுக்கெல்லாம் சிகரம் சுயகட்டுரை. வெற்றிடங்களையும் சேர்த்து 4,500 எழுத்துக்குள் தன் வாழ்க்கையைச் சொல்லி, அது பல்லில் போய் முடிவதாக நிரூபிக்க வேண்டும். பலருக்குச் சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் உடைந்திருக்கும், கருணையுள்ள டாக்டர் ஒருவர் ஒட்டவைத்திருப்பார், அன்றே முடிவெடுத்திருப்பார்கள். வ.ப.டா.வுக்கு ஒரு சொத்தைப் பல்கூடக் கிடையாது. காலை மாலை இரு வேளையும் துலக்க வைத்து வளர்த்துவிட்டார்கள். பெற்றோர் தனக்குச் செய்த துரோகமாகவே இதை அவன் இப்போது பார்க்கிறான்.

தாம்பரத்திலிருந்து பெரியப்பாவின் வாட்ஸ்அப் அழைப்பு ஞாயிறு காலையில் வரும். “என்னடா, மெடிசின் கிடைக்கலியா?” நம்மூர் ஆள் அப்படித்தான் கேட்பார், குற்றம் சொல்ல முடியாது. இங்கே எம்.பி.பி.எஸ்ஸுக்கும் பி.டி.எஸ்ஸுக்கும் ஒரே நீட், 180 கேள்விகள், 720 மதிப்பெண். மேலே நிற்பவர்கள் பெரும்பாலும் ஒன்றை எடுத்துக்கொள்ள, கொஞ்சம் தள்ளி நிற்பவர்களுக்கு மற்றது. பல் டாக்டராக வேண்டும் என்றே நீட் எழுதினேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் வீட்டில் உப்பு சுற்றிப் போடுவார்கள்.

அமெரிக்காவில் கதை வேறு. உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1840இல் பால்டிமோரில் தொடங்கியது. ஹொரேஸ் ஹேடன், சேப்பின் ஹாரிஸ் இருவரும் முதலில் அங்கிருந்த மருத்துவக் கல்லூரியில் பல்லுக்கும் ஒரு பாடம் வைக்கச் சொல்லிக் கேட்டதாகவும், போய்யா என்று அவர்கள் அனுப்பிவிட்டதாகவும் ஒரு கதை உண்டு. வரலாற்றாசிரியர்கள் அதை முழுசாக நம்புவதில்லை. கதை எப்படியோ, அன்றிலிருந்து பல் தனிக்குடித்தனம். தனிக் கல்லூரி, தனித் தேர்வு, தனி விண்ணப்பம். நாலு வருடம் காலேஜ், அதன் மேல் நாலு வருடம் பல். படித்து முடிக்கும்போது கடனும் தனிதான். கடன் வாங்கிப் படித்தவர்களுக்குச் சராசரியாகச் சுமார் 3 லட்சம் டாலர். இதையெல்லாம் வ.ப.டா. தன் அரைத் தமிழில் விளக்கி முடிக்கிறான். பெரியப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி விடு, அடுத்த தடவை கிடைக்கும்” என்கிறார்.

மதிப்பெண்ணிலும் நிம்மதி இல்லை. பல காலம் 1 முதல் 30 வரை போட்டார்கள். 20 வாங்கினால் தெருவில் நிமிர்ந்து நடக்கலாம். 2025 மார்ச்சில் அதை 200 முதல் 600 என்று மாற்றினார்கள். மூன்று வருடம் முன்னால் 22 வாங்கிய அத்தை பெண்ணை இனி 470 வாங்கியவன் ஜெயித்தானா தோற்றானா என்பதற்கு அட்டவணை பார்க்க வேண்டியிருக்கிறது. அத்தை அட்டவணையை ஒப்புக்கொள்வதில்லை.

தேர்வு நாள். மையத்தில் பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டச் சொல்கிறார்கள். சட்டைக் கையைச் சுருட்டச் சொல்கிறார்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வாங்கி, காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். கைக்கடிகாரம் கூடாது. அம்மா இடுப்பில் கட்டச் சொன்ன திருப்பதிக் கயிற்றுக்கு மட்டும் விளக்கம் சொல்ல ஐந்து நிமிடம். எழுதுவதற்குக் காகிதம் தர மாட்டார்கள். துடைத்து எழுதும் பலகையும் மார்க்கரும்தான். அதில் முதல் வேலையாக வ.ப.டா. ஒரு அட்டவணை போடுகிறான். ஒரு பக்கம், இரண்டு பக்கம், மூன்று பக்கம், நாலு பக்கம். கட்டிகள் வரும்போது கோடு கிழித்து எண்ணுவதற்கு. பேட் முடிந்து அரை மணி நேர இடைவேளையில் வாழைப்பழத்தை உரித்தவன், தோல் விரிந்து கிடந்த விதத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் சாப்பிட மறந்துபோனான்.

மதிப்பெண் வந்தது. 480. வீட்டில் பாயசம். அட்டவணைப்படி அத்தை பெண்ணைவிட மேலே என்று அப்பா மூன்று பேருக்கு அனுப்பிவைத்தார். விண்ணப்பம் ஜூன் முதல் வாரமே போய்விட்டது. டிசம்பரில்தான் கல்லூரிகள் இடம் தரத் தொடங்கும்.

ஞாயிறு காலை தாம்பரத்திலிருந்து அழைப்பு. பெரியப்பா வாழ்த்துச் சொல்லவில்லை. வாயை அகலத் திறந்து, போனைக் கிட்டத்தில் கொண்டுவந்து, உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார்.

“இங்க பாரு. இடது பக்கம், கடைசிக்கு முந்தினது. ராத்திரி பூரா தூக்கம் இல்லை. பிடுங்கணுமா, அடைக்கணுமா?”

வ.ப.டா. திரையை இரண்டு பக்கமும் சாய்த்துப் பார்த்தான்.

“பெரியப்பா, அது எனக்குத் தெரியாது. பரீட்சைல பல்லைப் பத்தி ஒரு கேள்விகூட இல்லை. காலேஜ்ல சேர்ந்தப்புறம்தான் சொல்லித் தருவாங்க. ஆனா பக்கத்துப் பல்லைவிட அது ஒரு நாலு டிகிரி சாய்ஞ்சிருக்கு.”

டார்ச் அணைந்தது. பெரியப்பா வாயை மூடிக்கொண்டு, கன்னத்தைப் பிடித்தபடி பெரியம்மா பக்கம் திரும்பினார்.

“தெருமுனை கிளினிக் இன்னிக்குத் திறந்திருக்கா பாரு.”