ஜப்தியின் முதுகு

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டாள். அமீனா வந்து என்ன செய்வார் என்று மகள் கேட்டாள். ஜப்தி செய்வார் என்றேன். சிவப்புக் காது ஆமைக்கு அன்றே பெயர் விழுந்தது. (நட்சத்திர ஆமைதான் வேண்டுமென்று முதலில் அடம்பிடித்தேன். அதை வளர்த்தால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நிஜமாகவே ஆள் வரும் என்றதும் ஆசை அடங்கியது.)

ஒருநாள் ஜப்தியின் முதுகிலிருந்து வெங்காயச் சருகு போல ஒரு சில்லு கழன்று தண்ணீரில் மிதந்தது. கூடத்துச் சுவரில் காரை உதிர்வதை மூன்று வருடமாக வேடிக்கை பார்ப்பவன் நான். ஆனால் ஆமை உதிர்ந்தால் பதறாமல் இருக்க முடியுமா? தேங்காயெண்ணெயை எடுத்துத் தாராளமாகத் தடவினேன். சோப்புக்கட்டி போல வழுக்கி சோபாவுக்கு அடியில் போனவளை ஒட்டடைக் கம்பால் மீட்க வேண்டியதாயிற்று.

கால்நடை மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "வளர்ற ஆமை சார். மேல் தகடு நம்ம நகம் மாதிரி; பழசு கழன்றுதான் புதுசு வரும். முதல்ல எண்ணெயைத் துடைங்க." பிறகு ஓட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினார். நமத்த அப்பளம் போல வளைந்தது. "இதைப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. ஓடு கழற்றிவைக்கும் சட்டை என்றே நினைத்திருந்தேன். அது முதுகெலும்பும் விலா எலும்பும் சேர்ந்த எலும்பாம், தொட்டால் உணர்ச்சிகூட உண்டாம்.

"வெயில் படுதா?"

"தொட்டியே ஜன்னலோரம்தான் சார்" என்றேன் பெருமையாக.

"ஜன்னலுக்குக் கண்ணாடி உண்டா?"

உண்டு. நல்ல கண்ணாடி. வெளிச்சத்தை விட்டுவிட்டு, ஓட்டுக்கு வேண்டிய புற ஊதாக் கதிரை வாசலிலேயே நிறுத்திவிடும் கண்ணாடி. அந்தக் கதிர் இல்லாவிட்டால் உடம்பில் வைட்டமின் டி ஊறாது. அது ஊறாவிட்டால் கால்சியம் தின்றும் பயனில்லை. நான் போட்டதோ வெறும் காய்ந்த இறால்!

அழுகல் நோய் தனி என்றார். துர்நாற்றம், குழி, வெள்ளைத் திட்டு, தகட்டுக்கு அடியில் நீர்க்கசிவு, இதில் எது தெரிந்தாலும் சுரண்டாமல் தூக்கி வரவேண்டும். அதனால் தினமும் காலையில் ஜப்தியின் முதுகை முகர்ந்து பார்க்கிறேன். பால்காரர் ஒருமுறை பார்த்துவிட்டார். அன்றிலிருந்து பாக்கெட்டைத் தூரத்திலேயே வைத்துவிட்டுப் போகிறார்.

ஏறி உலர ஒரு கல், யு.வி. விளக்கு, நாட்டு மருந்துக் கடைக் கடல் நுரை எல்லாம் வந்தாயிற்று. கணவாய் மீனின் ஓடுதான் கடல் நுரை. ஓடு தேற இன்னொரு ஓடு! காலை வெயிலுக்கு மொட்டைமாடி. தொட்டியில் பாதிக்கு நிழல் வேண்டும், இல்லாவிட்டால் வெந்துவிடும். எனவே ஜப்திக்குக் குடை, காக்கை விரட்ட எனக்கு ஒட்டடைக் கம்பு.

கீழேயிருந்து அம்மா குரல் கொடுக்கிறாள்: "ரெண்டு ஆமையும் இறங்கி வாங்க, இட்லி ஆறுது!"