ஷெரீஃபுக்குச் சம்பளம் போடுவது யார்?

கேள்வி: அமெரிக்காவில் கவுண்டி அதிகாரிகளை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்களாமே, அவர்கள் சம்பளத்தை யார் முடிவு செய்கிறார்கள்?

பதில்: மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஃபுளோரிடாவில் பெரும்பாலும் மக்கள்தொகையை வைத்துச் சட்டமே கணக்குப் போட்டுவிடும். எனக்குப் பிடித்தது அயோவாவின் வழி. அங்கே 99 கவுண்டிகள். ஒவ்வொன்றிலும் ஏழு பேர் கொண்ட ஊதியக் குழு நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது. கவுண்டியை நிர்வகிக்கும், மக்கள் தேர்ந்தெடுத்த மேற்பார்வையாளர்கள் இருவரை நியமிப்பார்கள். ஷெரீஃப், பொருளாளர், தணிக்கையாளர், பதிவாளர், அரசு வழக்கறிஞர் ஆளுக்கு ஒருவரை அனுப்புவார்கள். பந்தியில் உட்கார்ந்தவரே பரிமாற ஆள் பிடிப்பது மாதிரி இருக்கிறதா? அதனால்தான் அடுத்த விதி. குழு சொன்ன தொகையை மேற்பார்வையாளர்கள் கூட்ட முடியாது, குறைக்க மட்டுமே முடியும். அதிலும் எல்லோருக்கும் ஒரே விகிதம். ஷெரீஃபுக்கு 10 சதவீத உயர்வு, பதிவாளருக்கு 4 என்று பரிந்துரை வந்து, பாதியாகக் குறைத்தால் 5, 2 என்றுதான் ஆகும். பிடிக்காதவர் தலையில் மட்டும் கைவைக்க வழியில்லை. தங்கள் சம்பளத்தை வேண்டுமானால் மேற்பார்வையாளர்கள் தனியாகக் குறைத்துக்கொள்ளலாம், நல்ல ஏற்பாடு!

2024-இல் சட்டம் மாறியது. குழுவையே கலைக்கும் அதிகாரம் மேற்பார்வையாளர்களுக்கு வந்துவிட்டது. சில கவுண்டிகள் கலைத்தும்விட்டன. அங்கெல்லாம் ஷெரீஃபின் சம்பளமும் மேற்பார்வையாளர்களின் சம்பளமும் ஒரே மேசையில், அதே மேற்பார்வையாளர்கள் கையால் முடிவாகின்றன. எனக்கு இது பின்னடைவாகவே படுகிறது. வெளியிலிருந்து ஏழு பேர் உட்கார்ந்து, பக்கத்துக் கவுண்டியில் என்ன தருகிறார்கள் என்று விசாரித்துச் சொன்ன தொகைக்கு ஒரு மரியாதை இருந்தது.