கொடிக்கயிறும் குடிபெயர்ச்சியும்: பண்பொழி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. கருதுகோள்

பிழைப்புக்காக வேற்றூர் போகிறவன் வீடு பார்க்கும்போது வழக்கமாக மூன்று கேள்விகள் கேட்பான். வாடகை எவ்வளவு? தண்ணீர் வருமா? ஆபீஸ் எவ்வளவு தூரம்? மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இம்மூன்றும் செல்லாக்காசு. அங்கே கேட்கத்தக்க கேள்வி ஒன்றே ஒன்றுதான்: துணி காயுமா? இதை நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். இதைக் கண்டறிய ஆய்வாளனுக்கு ஓர் ஆனி, ஓர் ஆடி, ஏழு சட்டைகள் ஆகியன செலவாயின.

2. ஆய்வுக் களம்

பண்பொழி, செங்கோட்டைக்கு வடக்கே உள்ள பேரூர். பைம்பொழில் என்பதே பண்பொழி ஆயிற்று என்பார்கள். வாய்ப்பேச்சில் அது மேலும் தேய்ந்து 'பம்புளி' ஆகிவிட்டது. ஊருக்கு மேற்கே குன்றின்மேல் திருமலைக் குமாரசாமி. அதற்கும் மேற்கே மேக்கரை, அடவிநயினார் அணை, அச்சன்கோவில் போகும் காட்டுப்பாதை. பெயரிலேயே பசுமையை வைத்துக்கொண்டிருக்கும் ஊரில் ஈரம் இருக்கும் என்று ஊகிக்கும் மொழியறிவு ஆய்வாளனுக்கு அப்போது இல்லை.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ரயிலேறிச் சென்னைக்கு வேலைக்குப் போனார்கள். 2011இல் ஸோகோ நிறுவனம் தென்காசிப் பக்கம் அலுவலகம் திறந்தது. பிறகு கடையம் சாலையில் மத்தளம்பாறை என்ற கிராமத்தின் பெயர் கணினிக்காரர்கள் வாயில் அடிபடத் தொடங்கியது. நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவே அங்கு குடிவந்துவிட்டார். 2019இல் தென்காசி தனி மாவட்டமும் ஆனது. ஆக, பொதிகை எக்ஸ்பிரஸ் எழும்பூரிலிருந்தும் ஆட்களை வேலைக்குக் கொண்டுவரலாயிற்று. பெயர் தேவைப்படாத ஒரு சிறு நிறுவனத்தின் மாற்றல் கடிதத்தோடு அப்படி வந்து இறங்கியவனே இவ்வாய்வாளன்.

3. முன்னோடிகள்

வீட்டுத் தரகு பற்றிய இவ்வட்டாரத்தின் மூலநூல் திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சி என்பது ஆய்வாளனின் துணிபு. அதில் குறத்தி முதலில் தன் மலையின் வளத்தைச் சொல்வாள், கையைப் பார்த்துக் குறி சொல்வாள், பரிசு பெறுவாள். தரகர் அண்ணாச்சியும் முதலில் மலையைக் காட்டினார். "சன்னலத் தொறந்தா மலை. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். பிறகு என் கையைப் பார்த்தார். ஒரு மாத வாடகை பரிசாகப் போயிற்று. ஒரே வேறுபாடு, குறத்தி சொன்னது பலித்தது.

குடிபெயர்ச்சியில் முன்னோடி, ரசிகமணி டி.கே.சி. (1882–1954). குற்றாலத்தில் அவர் குடியேற, ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்தார்கள். அவர் வீட்டு விருந்தைப் பற்றியும் கவிதைப் பேச்சைப் பற்றியும் எழுதியவர்கள் பலர். கொடியைப் பற்றி எழுதியவரை ஆய்வாளன் கண்டதில்லை. இந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் பங்களிப்பு.

4. களப்பணி

முதலில் குற்றாலம். ஐந்தருவிச் சாலையில் வீட்டுக்காரர் ஒருவர் மாத வாடகை என்ற சொல்லைக் கேட்டதும் சிரித்துவிட்டார். சீசனில் நாள் வாடகைக்குப் போகும் வீட்டை மாதக் கணக்கில் விடுவது, காய்க்கிற மாமரத்தில் மாட்டைக் கட்டுவதுபோல.

அடுத்து சுந்தரபாண்டியபுரம். 'ரோஜா' (1992) படத்தில் பார்த்த ஊரில் குடியிருக்கலாமே என்ற ஆசை. ஆசை சின்னதுதான், ஆபீஸ்தான் தூரம்.

மூன்றாவது, பெயர் சொல்ல விரும்பாத ஒரு தெரு. அங்கே நடந்த நேர்காணல் முழுமையாகத் தரப்படுகிறது.

"எந்த ஊரு நீங்க?"

"சென்னை."

"அதுக்கு முன்ன?"

"அப்பாவுக்கு விழுப்புரம் பக்கம்."

"அங்க எந்தத் தெரு?"

முந்நூறு மைலுக்கு அப்பால் உள்ள ஒரு தெருவை அறிந்து இவர் என்ன செய்யப்போகிறார் என்று யோசிப்பதற்குள், வீடு வேறு ஆளுக்குப் பேசியாகிவிட்டது என்று பதில் வந்தது. தமிழ்நாட்டில் தெரு என்பது திசை காட்டும் சொல் அன்று என்பதை மட்டும் இங்கே குறித்துவிட்டு மேலே செல்வோம்.

நான்காவது, பண்பொழியில் ஆச்சி வீட்டு மச்சு. ஆச்சி ஊரையும் கேட்கவில்லை, தெருவையும் கேட்கவில்லை.

"எத்தன உருப்படி?" என்றார்.

"நான் ஒருத்தன்தான் ஆச்சி."

"அதில்ல தம்பி. வாரத்துக்கு எத்தன உருப்படி தொவைப்பிய?"

சலவைக்காரர் மொழியில் குடித்தனத்தை அளக்கிறாரே என்று வியந்தேன். பதினைந்து இருக்கும் என்றேன். ஆச்சி என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார். "மேக்க பாத்த வீடு. காத்து பிச்சுக்கிட்டு வரும். பொறவு சொல்லலன்னு சொல்லப்படாது." சென்னையில் 'காத்து வரும்' என்பது வாடகையை ஏற்றுவதற்கான சொல். இங்கே அது எச்சரிக்கை. வைகாசி வெயிலில் நின்றுகொண்டு அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு அட்வான்ஸ் கொடுத்தேன்.

5. முதற்பொருள்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்கிறது தொல்காப்பியம். வீடு பார்க்கிறவன் நிலத்தைப் பார்க்கிறான், பொழுதை விட்டுவிடுகிறான். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையைக் கேரளத்தில் கொட்டிவிட்டு, வெறுங்கையோடுதான் தமிழ்நாட்டுக்குள் இறங்குகிறது. ஆனால் செங்கோட்டைக் கணவாயில் மலைச்சுவர் தாழ்ந்து கிடக்கிறது. 1904இல் கொல்லத்துக்கு ரயில் போன வழியும் அதுதான். மிச்சமிருக்கும் மேகம் அந்த வழியே நுழைந்து, மழையும் ஆகாமல் பனியும் ஆகாமல் காற்றில் பறக்கும் தூவானம் ஆகிறது. அதுவே சாரல். குடை அதற்குப் பயன்படாது. அது மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் வருகிறது. அதே காற்று கிழக்கே போகப் போகக் காய்ந்து, சுரண்டைப் பக்கம் காற்றாலை சுற்றுகிறது. அங்கே காலையில் போட்ட வேட்டி மத்தியானத்துக்குள் மொறுமொறுக்கும். பண்பொழியில் காலையில் போட்ட பனியன் மறுநாள் மாலையிலும் யோசித்துக்கொண்டிருக்கும்.

காய்தலுக்கும் காயாமைக்கும் நடுவே எல்லைக்கோடு எங்கே? பிரானூர் 'பார்டர்' இதற்கு விளக்கம். திருவிதாங்கூரிலிருந்த செங்கோட்டை 1956 நவம்பர் 1இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது எல்லை மேற்கே போய்விட்டது. 'பார்டர்' என்ற பெயரும் அந்தப் பெயரில் விற்கும் பரோட்டாவும் அங்கேயே நிற்கின்றன. மாநில எல்லை ஒரு முறைதான் நகர்ந்தது. ஈர எல்லையோ ஆடி மாதத்தில் மணிக்கொரு தரம் நகரும். அதைத் துரத்திக்கொண்டு, துணியோடு மாடிக்கும் தார்சாவுக்கும் நடந்ததே ஆய்வாளனின் களப்பணியில் பெரும்பகுதி.

6. கொடியின் சமூகவியல்

கொடியைத் தெரு வாசிக்கிறது. எத்தனை பேர், என்ன வேலை, ஊருக்குப் போயிருக்கிறானா, காய்ச்சலா, எல்லாம் அதில் எழுதியிருக்கும். மூன்று நாளாக ஒரே சட்டை தொங்கியபோது ஆச்சி மேலேறி வந்தார். அடுப்படியில் புகைபடிந்த மூங்கில் கொடி ஒன்றைக் காட்டி, "சீசன் முடியந்தட்டி இங்கன போடுங்க" என்றார். அதன்பின் ஆபீஸ் கூட்டங்களில் என் சட்டையிலிருந்து தாளித வாசனை வருவதாகப் புகார் எழுந்தது. ஈரவாடைக்கு அது மேல்.

7. முடிவும் மேலாய்வும்

கருதுகோள் நிறுவப்பட்டது என்றே சொல்லியிருப்பேன். ஆனால் சித்திரை வந்தது. குற்றாலப் பேரருவியில் பாறை தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, துவைத்துப் போட்ட சட்டை காப்பி ஆறுவதற்குள் காய்ந்துவிட்டது. எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஆச்சி திண்ணையில் மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"காஞ்சிட்டா?"

"காஞ்சுட்டு ஆச்சி."

"ம்" என்றார், துக்கம் கேட்டவர்போல. "இன்னும் ஒரு மாசம் பொறுக்கணும்."

நானும் மேற்கே பார்த்தேன். திருமலைக்குப் பின்னால் ஒரு மேகமும் இல்லை. கையில் சட்டை சுட்டது. அந்த வாரமே வாடகை ஒப்பந்தத்தை இன்னும் பதினோரு மாதத்துக்குப் புதுப்பித்தேன். இது கருதுகோளுக்கு முரணானது. மேலாய்வுக்கு இடமுண்டு.