காட்டிக்கொடுக்கும் இசை: டஞ்சன் மேசையில் ஓர் ஆய்வு

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டில் நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்வார்கள். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் வீரராகவும் மந்திரவாதியாகவும் திருடராகவும் அதற்குள் புகுவார்கள். சந்தேகம் வந்தால் பகடை தீர்த்துவைக்கும். கதை சொல்பவர் டஞ்சன் மாஸ்டர். அரக்கர், மழை, ஊர்த்தலைவர், வழியில் நிற்கும் கழுதை எல்லாம் அவரே. இத்தனை வேடம் கட்டியும் ஆசை அடங்காமல் அவர் இசையமைப்பாளராகவும் ஆக முற்படும் இடத்தில் நம் ஆய்வு தொடங்குகிறது.

முதலில் வகைப்பாடு. தொல்காப்பியர் நிலத்துக்கு நிலம் கருப்பொருள் வகுத்தபோது பறையையும் யாழையும் மறக்கவில்லை. டஞ்சன் மாஸ்டரின் போனிலும் அதே ஒழுங்கு உண்டு: காடு, சத்திரம், கல்லறை, சண்டை, 'சண்டை (பெரியது)'. சுரங்கக் குகைக்குரிய பறை எது என்று தொல்காப்பியர் சொல்லாமல் விட்டதை, 1982இல் 'கோனன் த பார்பேரியன்' படத்துக்கு இசையமைத்த பாசில் பொலிடூரிஸ் ஈடுகட்டினார் என்பது இத்துறையில் பலரும் ஒப்பும் கருத்து. 2003இல் மிட்நைட் சிண்டிகேட் குழு இந்த விளையாட்டுக்கென்றே அதிகாரபூர்வ இசைத்தட்டு வெளியிட்டதும், இன்று பத்துப் பத்து நிமிடச் சூழலொலிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதும் பின்வந்த வளர்ச்சிகள். அவை நிற்க.

பின்னணி இசை சூழலை உண்டாக்குகிறது என்பது பழைய கொள்கை. அதை நாம் மறுக்கிறோம். பின்னணி இசையின் தலையாய தொழில் காட்டிக்கொடுப்பது.

சான்று: சத்திரத்தில் புல்லாங்குழல் ஒலிக்கிறது. "கதவு திறக்கிறது. ஒரு பெரியவர் வருகிறார். அன்பாகச் சிரிக்கிறார்" என்கிறார் மாஸ்டர். சொல்லும்போதே அவருடைய கட்டைவிரல் போனில் எதையோ தேடுகிறது. குழல் பாதியில் நிற்கிறது. அடுத்த விநாடி வில்லாளி, "பெரியவர் மேல அம்பு விடுறேன்" என்கிறார். விதிப்படி அந்தப் பெரியவரின் உள்நோக்கத்தை அறிய இருபது முகப் பகடையை உருட்டி, திறனுக்குரிய எண்ணைக் கூட்டி, அதற்குப் பிறகும் ஏமாற வேண்டும். காதுள்ளவருக்கு இந்தச் சிரமமெல்லாம் கிடையாது.

ஓபரா இசையமைப்பாளர் வாக்னர் இதை முன்பே உணர்ந்திருந்தார் போலும். 1876இல் பைராய்ட்டில் தாம் திறந்துவைத்த அரங்கில் வாத்தியக்குழு முழுவதையும் மேடைக்கு அடியில், மூடிய குழிக்குள் ஒளித்துவைத்தார். டஞ்சன் மாஸ்டருக்கு வாய்த்ததோ ஒரு மடிப்பு அட்டை. அதன் பின்னால் வரைபடம் மறைகிறது, பகடை மறைகிறது, பாதி தின்ற சிப்ஸ் பாக்கெட்டும் மறைகிறது. போனின் வெளிச்சம் மட்டும் அவர் முகவாயில் நீலமாக விழுந்து, 'சண்டை (பெரியது)' பட்டியல் திறக்கப்பட்டதை ஊருக்கே அறிவிக்கிறது.

இனி காலம். இப்போதைய விதிகளில் சண்டையின் ஒரு சுற்று ஆறு விநாடி. ஐந்து சுற்றில் காப்ளின் என்ற குட்டி அரக்கர் கூட்டம் ஒழிந்தால் கதைக்குள் கழிந்தது அரை நிமிடம். மேசையில் அதற்கு ஒரு மணி நேரம் ஆகும். மூன்று நிமிடப் போர்ப்பறை இருபது முறை சுழல்கிறது. பொலிடூரிஸின் கொம்புகள் முழங்கிக் குதிரைகள் பாயும் வேளையில் மந்திரவாதி புத்தகத்தைப் புரட்டுகிறார்; நெருப்புக்கோளம் இருபது அடி ஆரத்துக்குப் பரவும் என்று கண்டுபிடிக்கிறார்; எட்டுப் பகடையை உருட்டுகிறார்; ஒன்று மேசைக்கடியில் ஓடுகிறது; கூட்டுத்தொகை இருபத்தேழா இருபத்தெட்டா என்று இன்னொரு முறை எண்ணுகிறார். காப்ளின்கள் அதுவரை ஆறு விநாடியின் நடுவில் வாளை ஓங்கியபடியே நிற்கின்றன. எந்தத் திரைப்பட இசையமைப்பாளருக்கும் இப்படி ஒரு காட்சி தரப்பட்டதில்லை.

கணக்குத் தவறுவதற்கு இசையே காரணமா என்பது துணைக் கேள்வி. பாட்டில் சொற்கள் இருந்தால் கவனம் சிதறும் என்பதால் அனுபவசாலிகள் லத்தீன் கூட்டுப்பாடலையே போடுவார்கள். யாருக்கும் புரியாது, ஆகவே பாதுகாப்பு. 1937இல் அரங்கேறிய கார்ல் ஓர்ஃபின் 'கார்மினா புரானா'வில் வரும் 'ஓ ஃபார்ச்சுனா' இவ்வகையில் தலைசிறந்தது. அந்தப் பாட்டு அதிர்ஷ்ட தேவதையின் நிலையின்மையைப் பற்றிப் புலம்புவது என்பதால் பகடை ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது. ஆனால் 1976இல் கோல், வெல்ஷ் என்ற இரு உளவியலாளர்கள் எழுத்து வரிசைகளை மனத்தில் வைக்கச் சொல்லி, ஜெர்மன் அறியாதவர்களின் காதில் ஜெர்மன் உரைநடையை ஓடவிட்டார்கள். புரியாத மொழியும் நினைவைக் குலைத்தது. லத்தீனுக்கு மட்டும் விலக்கு இருக்கும் என்று நம்ப இவ்வாய்வாளருக்குத் துணிவில்லை.

இலவசக் கணக்கில் இசை கேட்பவர்களின் நிலை தனி ஆய்வுக்குரியது. டிராகன் சிறகை விரித்துச் சாபத்தைத் தொடங்கும் நொடியில் வீட்டுக்கடன் விளம்பரம் குறுக்கிட்டால், டிராகனின் மிரட்டலில் எத்தனை புள்ளி கழிக்க வேண்டும் என்பதை எந்தப் பதிப்பின் விதிநூலும் சொல்லவில்லை. பொதுவாக இசைக்கு அந்நூல்கள் பகையல்ல. பாணர் என்ற பாத்திரம் 1976 முதலே ஆட்டத்தில் உண்டு; இப்போதைய விதிப்படி அவர் ஊக்கமூட்டினால் தோழருக்குக் கூடுதலாக ஒரு பகடை கிடைக்கும். மாஸ்டர் ஒரு வாரம் கண்விழித்துத் தொகுத்த பட்டியலுக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது.

காட்டிக்கொடுப்பதைத் தடுக்க அறிஞர்கள் ஒரு வழி சொல்வதுண்டு: ஆபத்தே இல்லாத இடத்திலும் அவ்வப்போது போர்ப்பறையைப் போட்டுவிட வேண்டும், அப்போது ஆட்டக்காரர்கள் இசையை நம்பமாட்டார்கள். கொள்கையளவில் இதில் குறை காண முடியாது. நடைமுறையில், ரொட்டி வாங்கப் போனவர்கள் பறை கேட்டதும் கடையின் பின்கதவை அடைத்தார்கள், ரொட்டிக்காரரை நாற்காலியில் கட்டினார்கள், மாவு மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கிழித்துப் பார்த்தார்கள். அவருக்குப் பெயர்கூட வைத்திராத மாஸ்டர் அவசரமாக ஒரு பெயரும், இரகசியச் சங்கம் ஒன்றும், நிலவறையும் உண்டாக்கிக் கொடுத்தார். நிலவறைக்குரிய இசையைத் தேடிக் கட்டைவிரல் மறுபடி போனுக்குப் போனதும் வில்லாளி நாணேற்றினார்.