மின்தடைக் காலத்து மீன்தொட்டிப் பரிபாலனம்

கல்வெட்டையும் செப்பேட்டையும் படித்துத் தீர்த்த பண்டிதர்கள், பானையோட்டுக்கும் தானிய உமிக்கும் இறங்கி வந்துவிட்ட இந்நாளிலும், கேரள தேசத்தின் கிழக்கெல்லையில், அதாவது பாலக்காட்டைச் சேர்ந்த கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் முதலிய ஊர்களிலும், இடுக்கி ஜில்லாவின் மூணாறு, குமுளி, கம்பம்மெட்டு முதலிய மலையூர்களிலும், கூடத்து மேஜைமேல் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்க்கும் தமிழ்க் குடும்பத்தார், கரண்ட் போன வேளையில் என்ன செய்கிறார்கள், என்ன செய்யத்தக்கது என்னும் விஷயத்தை எவரும் முறையாக விசாரித்ததாகத் தெரியவில்லை. அக்குறையை நிவர்த்தி செய்வதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் தேசவியல்பு. நீர் மிகுந்த இடத்தில் மின்சாரமும் மிகுந்திருக்கும் என்று தர்க்கம் படித்தவன் அனுமானிப்பான்; அனுமானத்தில் பிழையில்லை. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940இல் மூணாற்றை அடுத்த பள்ளிவாசலில்தான் இயங்கத் தொடங்கிற்று. குறவன், குறத்தி என்னும் இரு மலைகளுக்கிடையே வில்லாய் வளைந்து நிற்கும் இடுக்கி அணையின் நீர், மூலமற்றத்தில் மலையின் வயிற்றுக்குள் குடைந்து அமைத்த நிலையத்தில் 780 மெகாவாட் வரை மின்சாரம் பிறப்பிக்க வல்லது. 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாற்று அணையின் நீரோ, தேக்கடியிலிருந்து மலையைத் துளைத்துச் சென்று, லோயர் கேம்ப்பில் தமிழ்நாட்டுக்கு மின்சாரத்தைத் தந்துவிட்டு, அதன் பிறகே கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களைப் பார்க்கப் போகிறது. பாலக்காட்டு ஜில்லாவுக்குள் கிடக்கும் பறம்பிக்குளத்து நீரும் சர்க்கார்பதியில் அவ்விதமே சேவகம் செய்கிறது. இங்ஙனம் இரண்டு ராஜ்யங்களின் விளக்குகளை ஏற்றிவைக்கும் நீருக்குப் பக்கத்திலேயே, ஒரு படி நீரில் கிடக்கும் கோல்டு ஃபிஷ் ஒன்று, காற்று மோட்டாரை ஓட்டும் நாலு வாட் மின்சாரத்துக்கு வழியின்றி வாயைப் பிளந்து நிற்கின்றது என்பது, ஆராய்ச்சியாளனைச் சற்றே நின்று பார்க்கச் செய்யும் காட்சியன்றோ!

இதில் மின்வாரியத்தாரைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலையில் இறங்கினால், சில்வர் ஓக் கிளையும் யூகலிப்டஸ் கிளையும் முறிந்து கம்பியின்மேல் விழுவதை எந்த வாரியம் தடுக்க வல்லது? லைன்மேன் தார்ப்பாய்க் கோட்டும் டார்ச்சுமாக அம்மழையில் ஏறி வருவதே பெரிது. பாலக்காட்டுப் பக்கத்துத் தடை வேறு ஜாதி. அது கோடையில் வருவது. வெயில் 40 டிகிரியை எட்டி, ராத்திரியிலும் புழுக்கம் தணியாமல், வீட்டுக்கு வீடு ஏ.சி. ஓடும்போது டிரான்ஸ்ஃபார்மர் தன் சக்திக்கு மீறிய பாரத்தைத் தாங்காமல் இளைத்துவிடுகிறது.

இவ்விரு தடைகளில் எது மீனுக்குக் கொடியது என்பதே ஆராய்ச்சியின் உயிர்நாடி. நீரில் கரைந்துள்ள பிராணவாயுவே மீனின் மூச்சு. நீர் சூடேறச் சூடேற அது கொள்ளும் பிராணவாயு குறையும்: சமதரையில், 20 டிகிரி நீர் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் கொள்ளும், 30 டிகிரி நீர் ஏழரை மில்லிகிராமே கொள்ளும். ஆதலால் குளிர்ந்த மூணாற்று மீன் பாக்கியசாலி என்று வாசகர் முடிவு கட்டிவிடக்கூடும். அவசரப்படலாகாது. மூணாறு கடல் மட்டத்துக்கு 1,500 மீட்டருக்கு மேலே இருப்பது. அங்கே காற்றின் அழுத்தமே குறைவு. அவ்வுயரத்தில் 20 டிகிரி நீர் கொள்ளக்கூடியதும் ஏறக்குறைய அதே ஏழரை மில்லிகிராம்தான். ஆக, பாலக்காட்டுச் சித்தூர்த் தாலுகாவின் வேனிற்கால மீனும், மூணாறு அடங்கிய தேவிகுளம் தாலுகாவின் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டு மீனும், கரண்ட் போகும் நிமிஷத்தில் சம மூலதனத்தோடு தொடங்குகின்றன என்னும் அரிய முடிபு நமக்குக் கிடைக்கிறது. செலவில்தான் வித்தியாசம். வெந்நீரில் மீனின் உடல் வேகமாக இயங்கும். மூச்சும் மிகுதியாக வேண்டும். எனவே சமவெளி மீன் முதலில் திவாலாகும். மலை மீனுக்கு வேறொரு பயம் உண்டு: ஹீட்டர் அணைந்து, மார்கழி இரவில் நீர் குளிர்ந்துபோவது. அதற்குக் கம்பளி போதும். தொட்டியைச் சுற்றிப் போர்த்துவிட்டால், பெரிய தொட்டியின் நீர் மெள்ள மெள்ளத்தான் சூட்டை இழக்கும். கம்பளியில்லாத வீடு மூணாற்றில் இல்லை.

இனி, காற்று மோட்டார் செய்யும் காரியம் யாது? குமிழிகள் நீருக்குள் பிராணவாயுவைக் கொண்டுபோய் ஊட்டுகின்றன என்பது பலருடைய நம்பிக்கை. உண்மையில் குமிழி ஊட்டுவது கொஞ்சமே. அது மேலேறி வந்து நீரின் மேற்பரப்பைக் கலக்கிவிடுவதால்தான் காற்றும் நீரும் கலந்து பரிவர்த்தனை நடக்கிறது. மோட்டார் நின்றதும் மேற்பரப்பு அசைவற்றுப் போகிறது. மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. இக்காட்சியைக் கண்ட வீட்டுப் பாட்டி, “பாவம், பசிக்குது போல” என்று ஒரு சிட்டிகை தீனியை எடுத்துத் தூவுகிறாள். கருணையால் நேரும் கொலைகளின் பட்டியலில் இதற்கு உயர்ந்த ஸ்தானம் உண்டு. தின்ற தீனியைச் செரிக்க மீனுக்கு இன்னும் பிராணவாயு வேண்டும். தின்னாது விட்டது அழுகுவதற்கும் வேண்டும். மின்தடை நாளில் மீனுக்கு உபவாசமே உத்தமம். ஆரோக்கியமான மீன் இரண்டொரு நாள் பட்டினியால் சாவதில்லை.

இன்வெர்ட்டர் மதத்தார் எல்லையின் இருபுறமும் பெரும்பான்மையினர். அவர்கள் கணக்கு கேட்பதற்கு இனியது: 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பாட்டரியில் 1,800 வாட் மணி இருக்கிறது, மோட்டாருக்கு நாலு வாட், ஆகவே 450 மணி நேரம், அதாவது ஏறத்தாழ பத்தொன்பது நாள், கரண்டே வராவிட்டாலும் கவலையில்லை. இக்கணக்கு காகிதத்தில் மட்டுமே நீந்தும். இன்வெர்ட்டர் விழித்திருப்பதற்கே, மோட்டார் தின்பதைவிட அதிகம் தின்கிறது. அஃது ஒருபுறமிருக்க, இன்வெர்ட்டர் லைனில் மீனுக்கு ஒரு பிளக் பாயிண்ட் கொடுக்கலாமா என்னும் வழக்கு கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வீடுகளில் எழும்போது, “ஏனுங்க, மீனு மூச்சு விடறது கெடக்கட்டும், கொழந்தைக்கு வேர்த்துக் கொட்டுதே, அதுக்கென்ன சொல்றீங்க?” என்று இல்லத்தரசி கேட்கும் கேள்விக்கு எந்தச் சாஸ்திரத்திலும் பதிலில்லை. ஃபேன் இரண்டு, டி.வி. ஒன்று, ட்யூப் லைட் என்று சேர்ந்துகொண்டால் பத்தொன்பது நாள் ஓர் இரவாகச் சுருங்கிவிடுகிறது. மீனுக்கென்று வாங்கிய இன்வெர்ட்டரில் மீன் கடைசிப் பங்குதாரன்.

கரண்ட் போனதும் தானே ஓடத் தொடங்கும் பாட்டரி மோட்டார் யோக்கியமான உபகரணம். பவர் பாங்க்கில் மாட்டும் சிறு மோட்டாரும் நன்றே. ஆனால் சிலவகைப் பவர் பாங்க், அவ்வளவு சொற்ப மின்சாரத்தைக் கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதையே நம்பாமல், சற்று நேரத்தில் தன்னை அணைத்துக்கொண்டு தூங்கிவிடும். வாங்கியதை ஒருமுறை சோதித்துப் பார்த்துக்கொள்வது விவேகம். இவை யாவற்றுக்கும் முந்திய முறையொன்று உண்டு: ஒரு செம்பால் தொட்டி நீரை மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுவது. சார்ஜ் வேண்டாத இம்முறைக்குள்ள ஒரே குறை, ஊற்றுகிறவருக்குத் தூக்கம் வருவது.

இப்போது ஒரு சரித்திர உண்மையைக் கூறவேண்டும். ராபர்ட் வாரிங்டன் என்னும் ரசாயன நிபுணர், லண்டனில் ஐம்பது லிட்டருக்குச் சற்றே மிகுந்த கொள்ளளவுள்ள கண்ணாடிக் கலத்தில் நீர் விட்டு, வாலிஸ்னேரியா என்னும் நாடா போன்ற நீர்ப்பூண்டையும், அதன் அழுகிய இலையைத் தின்ன நத்தைகளையும் வைத்து, இரண்டே கோல்டு ஃபிஷ்களை வளர்த்து, அதன் விவரத்தை 1850இல் வெளியிட்டார். அந்நகரில் பொதுமக்களுக்கு மின்சாரம் வழங்கும் நிலையம் தோன்றியதோ 1882இல். மீன்தொட்டி மின்சாரத்துக்கு மூத்தது. வாரிங்டனுடைய தொட்டியில் இரண்டு மீன். அதே கொள்ளளவுள்ள நம் தொட்டியில், கடைக்காரர் “இன்னும் நாலு போடலாங்க” என்று சொன்னதன்மேல் இருபது. மோட்டார் காப்பாற்றுவது இரண்டை அன்று, மிச்சமுள்ள பதினெட்டை. செடி நிறைய வைத்துவிட்டால் தீர்ந்தது என்பாரும் உளர். இருட்டில் செடியும் பிராணவாயுவை உட்கொள்ளும் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள், தடையோ ராத்திரியிலும் வருகிறது.

மீனின் ஜாதியும் கவனிக்கத்தக்கது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் பிறந்து, 1997இல் சிங்கப்பூர்க் கண்காட்சியில் பரிசும் பெற்று வந்த மிஸ் கேரளா என்னும் மீனுக்கு ஓடும் நீரின் பிராணவாயு வேண்டும். மின்தடையின் காரணத்தை அதனிடம் விளக்கிப் பயனில்லை. ஃபைட்டரும் கௌராமியுமோ மேலே வந்து காற்றை நேராகவே உட்கொள்ளும் உறுப்பு படைத்தவை. பாலக்காட்டு வயல்வாய்க்காலின் பழங்குடிகளான விராலும் பனையேறிக் கெண்டையும் அவ்விதமே. பனையேறிக் கெண்டை பனையில் ஏறக் கண்டதாகப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தரங்கம்பாடியிலிருந்து டேனிஷ் அதிகாரி ஒருவர் எழுதியனுப்பியதை அறிஞர் உலகம் இன்றளவும் முழுதாக நம்பவில்லை. ஆயினும் பாலக்காட்டில் பனைக்குப் பஞ்சமில்லையாதலின், அதை வளர்ப்பவர் தொட்டிக்கு மூடி போடுதல் நலம்.

ஆதலின் நமது தீர்ப்பு இது: அகன்ற வாயுள்ள தொட்டியில் சில மீன்களே வைத்திருப்பவருக்கு, சாதாரணத் தடைக்கு உபகரணம் ஒன்றும் வேண்டா, தடை நீடித்தால் செம்பு உண்டு. நெருக்கி வைத்திருப்பவர் வேண்டியதை வாங்கிக்கொள்க. எவராயினும், மோட்டாரைத் தொட்டிக்குக் கீழே தரையில் வைத்திருப்பவர், கரண்ட் நின்ற கணத்தில் தொட்டி நீர் காற்றுக்குழாய் வழியாகவே திரும்பி இறங்கி, மோட்டாரையும் அதன் பக்கத்து ஸ்விட்ச் பலகையையும் நனைக்கக்கூடும் என்பதை அறிந்துகொள்க. மீன் கடையில் சொற்ப விலைக்கு ஒருவழி வால்வு விற்கிறார்கள். அடுத்த மழைக்குள் அதை வாங்கிக் குழாயில் பொருத்திவிடுங்கள். இல்லையேல் மோட்டாரை நீர்மட்டத்துக்கு மேலே ஓர் ஆணியில் மாட்டிவிடுங்கள்.