தக்காளி ஏறினால் மூட்டு வலி

மதுரையில் தெருவுக்கு ஓர் அப்பத்தா உண்டு. விலைவாசி ஏறிப்போச்சு என்று ஊரே புலம்பும்போது, அந்த வார்த்தையை வாயில் எடுக்காத ஒரே ஆள் அவர்தான். அவர் சமைக்கும் வீட்டில் எந்தப் பண்டமும் விலை ஏறாது. உடம்புக்கு ஆகாமல் போகும், அவ்வளவுதான்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. சென்னையில் 82 ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசே தக்காளி விற்றது. அந்த வரிசையை டிவியில் பார்த்த அப்பத்தா உச்சுக்கொட்டினார். "பாவம், இம்புட்டுப் பேருக்கும் கல்லடைப்பு வரப்போகுது." தக்காளி விதை சிறுநீரகத்தில் போய் உட்காரும், மூட்டில் வலி கூட்டும் என்று அன்று மாலைக்குள் வீடு முழுக்கத் தகவல் போனது. ரசத்தில் புளி ஏறியது. சட்னியில் வரமிளகாயும் பொட்டுக்கடலையும் குடியேறின. செப்டம்பரில் விலை சரிந்து, சாலையோரம் தக்காளியைக் கூறு கட்டி வைத்தார்கள். வீட்டில் எல்லோருக்கும் கல் கரைந்துவிட்டது. ஒரே நாளில் நாலு கிலோ வந்து இறங்கியது. "தக்காளி தின்னாத்தான் ரத்தம் ஊறும்" என்று தொக்கு கிண்டினார். பேரன் மட்டும் தன் முழங்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

எல்லாவற்றையும் மருத்துவத்தின் தலையில் கட்டிவிட முடியாது என்பது அப்பத்தாவுக்குத் தெரியும். சிலவற்றைச் சாமியிடம் ஒப்படைப்பார். 2019 டிசம்பரில் வெங்காயம் நூறைத் தாண்டியபோது வாகாகக் கார்த்திகை மாதம் நடந்துகொண்டிருந்தது. தெருவில் நாலைந்து பேர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார்கள். அப்பத்தா வீட்டில் யாரும் போடவில்லை. அதனால் என்ன? "மாலை போட்டவுக நடக்குற தெருவுல வெங்காயத்தை வதக்கி வாசம் கிளப்பினா நல்லாவா இருக்கும்?" என்றார். அதே மாதம் நாடாளுமன்றத்தில் நிதியமைச்சர், குறுக்கே எழுந்த ஒரு கேள்விக்குப் பதிலாக, தாம் வெங்காயம், பூண்டு அதிகம் சாப்பிடுவதில்லை, குடும்பப் பழக்கமும் அப்படித்தான் என்று சொல்லிவைக்க, நாடே பிடித்துக்கொண்டது. அப்பத்தா இதையே மாதாமாதம் சொல்கிறார். எதிர்த்துப் பேச அந்த வீட்டில் எதிர்க்கட்சி கிடையாது.

பூண்டு கதை இன்னும் அழகு. தேனிப் பக்கம் வடுகபட்டி பூண்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். அப்பத்தாவுக்குப் பிறந்த வீட்டு வழியும் அந்தப் பக்கம்தான். பூண்டில்லாமல் அவர் கை குழம்பு வைக்காது. 2024 தொடக்கத்தில் அது கிலோ 400 ரூபாயைத் தாண்டியதும், வாயுவுக்கு மருந்தாக இருந்த பூண்டு ஒரே வாரத்தில் வாயுவுக்குக் காரணமானது. "அத்தை, போன மாசம் வாயுவுக்கு நல்லதுன்னு சொன்னீங்களே?" என்று மருமகள் கேட்டாள். "அது பனிக்காலத்து வாயுத்தா. இது வேற வாயு."

இத்தனைக்கும் விலை தெரியாதவர் அல்ல. நாமக்கல் முட்டை விலை காசு கணக்கில் ஏறுவதும் இறங்குவதும் அவருக்கு அத்துபடி. பேப்பரில் கண்ணாடி போட்டாலும் எழுத்து தெரியவில்லை என்பார். உழவர் சந்தை விலைப்பலகையை வாசலிலிருந்தே படித்துவிடுவார். அவர் போவது அண்ணா நகர் உழவர் சந்தைக்கு. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை அதுதான், 1999 நவம்பர் 14இல் திறந்தது. விடிகாலையில் போனால் காய் பறித்த ஈரத்தோடு இருக்கும். அப்பத்தா விடிகாலையில் போகமாட்டார். கடைக்காரர்கள் சாக்கை மடிக்கும் நேரம் பார்த்துப் போவார். "என்ன ஆத்தா, எப்பவும் கடைசியாத்தான் வர்றீக?" என்றால், "வெயில் ஏறினாத்தான் முழங்கால் மடங்குது ராசா" என்பார். பலகை விலைக்கு மேலே விற்கக் கூடாது என்பதுதான் சட்டம். கீழே விற்கக் கூடாது என்று எவன் எழுதிவைத்தான் என்பது அவருடைய சட்டப் புலமை. மிச்சம் கிடந்த கத்தரிக்காயைச் சேர்த்து அள்ளிக்கொண்டு, கொசுறாகக் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டுதான் நகர்வார். கறிவேப்பிலைக்குக் காசு கேட்கும் கடையில் அப்புறம் ஜென்மத்துக்கும் கால் வைக்கமாட்டார்.

வாங்கி வந்த காய் முழுவதும், தோல் உட்பட, அடுப்பில்தான் போய்ச் சேரும். பீர்க்கங்காய் கூட்டாகும், அதன் தோல் துவையலாகும். முள்ளங்கி சாம்பாருக்கு, இலை பொரியலுக்கு. வாழைக்காயின் தோலைப் பொடியாக நறுக்கித் தேங்காய் தூவி இறக்கினால் தின்பவனுக்கு இன்னதென்று தெரியாது. தெரிந்தபின் கேட்பதற்குள் தட்டு காலியாகியிருக்கும். தர்பூசணியின் வெள்ளைப் பகுதி பாசிப்பருப்போடு கூட்டாகிவிடும். எங்கள் தெருவில் திரியும் ஆடுகள் எல்லா வீட்டு வாசலிலும் நிற்கும், இந்த வீட்டு வாசலில் நிற்பதில்லை. அவற்றுக்கும் அனுபவம் இருக்கிறது.

கேஸ் சிலிண்டர் 1100 ரூபாயைத் தாண்டிய 2023 மார்ச்சில் அடுப்புக்கும் மருத்துவம் பார்த்தார். பருப்பை ஊறவைத்து, அடியில் பருப்பு, நடுவில் சோறு, மேலே காய் என்று குக்கரில் அடுக்கி, மூன்றையும் ஒரே விசில் கணக்கில் முடித்தார். கீரை கொதி வந்ததும் அணைத்து மூடிவிடுவார். மூடியைத் திறந்து வேகவைத்தால் சத்து ஆவியாகப் போய்விடுமாம். இதில் கொஞ்சம் உண்மையும் இருந்து தொலைக்கிறது என்பதுதான் சங்கடம். கொள்ளு ரசத்தையும் முருங்கைக்கீரையையும் பழைய சோற்றையும் எந்த வைத்தியர் குறை சொல்வார்? அப்பத்தாவின் மருத்துவத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. சமையலில் முழு நம்பிக்கை உண்டு.

2025இல் தேங்காய்க்கு வந்ததுதான் பெரிய சோதனை. வெள்ளை ஈ அடித்து, விளைச்சல் குறைந்து, விலை எகிறியது. இட்லிக்கு நாலு சட்னி வைத்துப் பழகிய ஊரில் தேங்காயைத் தள்ளிவைப்பது லேசான காரியமில்லை. "கொழுப்பு, கொலஸ்டிரால்" என்று ஆரம்பித்தார். தேங்காயில் கொலஸ்டிராலே கிடையாது, அது மாமிசம், பால், முட்டை வகையறாவில்தான் இருக்கும் என்று கல்லூரியில் படிக்கும் பேத்தி செல்போனில் தேடி வாசித்துக் காட்டினாள். அப்பத்தா அசரவில்லை. "அது அந்தக் காலத்துக் காயி. இப்ப உரம் போட்டு வளக்குறாக."

ரேஷன் பாமாயில் லிட்டர் 25 ரூபாய். மாதாமாதம் தவறாமல் வாங்குவார். விருந்தாளி யாராவது அடுக்களையில் பாக்கெட்டைப் பார்த்துவிட்டால், "விளக்குக்கு" என்பார். அந்த வீட்டு விளக்கு இட்லிப்பொடியோடு தோசைக்கல்லில் எரியும்.

ஆட்டுக்கறி ஆயிரத்தை எட்டிப் பார்க்கும் காலத்தில் ஏழு பேருக்கு அரைக் கிலோ. கூடவே கத்தரிக்காய், முருங்கைக்காய், உருளைக்கிழங்கு. குழம்பில் கரண்டி விட்டு அள்ளும்போது யாருக்கு எத்தனை துண்டு என்பது அவர் மணிக்கட்டுக்குத் தெரியும். தன் தட்டில் மட்டும் எலும்பு. கேட்டால், "எலும்புலதான்டா ருசி" என்பார். கடைவாயில் ஒரு பல் கூட இல்லாதவர் பேச்சு இது.

இதெல்லாம் எங்கே கற்றார் என்று அப்பத்தாவின் வீட்டுக்காரரான ஐயாவிடம் கேட்டேன். ஐயா பஞ்சாலையில் வேலை பார்த்தவர். ஆலை கதவடைத்த மாதங்களில் வீட்டில் நாலு பிள்ளைகள். "வாங்க முடியலைன்னா பிள்ளைக்கு ஆசை வரும். ஆகாதுன்னா தன்னால தள்ளி வச்சிடும்னு சொல்லுவா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு இன்னைக்கு வரைக்கும் எது நிசமாவே ஆகாதுன்னு தெரியல தம்பி" என்றார்.

மருமகளும் இப்போது தொழில் பழகிவிட்டாள். பீட்ஸா கேட்ட மகனிடம், மைதா குடலில் ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னபோது அப்பத்தா முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! பையன் மட்டும் சும்மா இருப்பானா? போன வாரம் கணக்கு டியூஷனுக்குக் கிளம்பச் சொன்னபோது, திண்ணையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"அப்பத்தா, டியூஷன் எனக்கு ஆகல. உடம்புக்குச் சூடு."

மருமகள் கை ஓங்கினாள். அப்பத்தா தடுத்தார்.

"ஏத்தா, மாசம் எம்புட்டு வாங்குறாக?"

"ரெண்டாயிரம் அத்தை."

அப்பத்தா பேரன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"ஆமாத்தா, பிள்ளைக்குச் சூடுதான்."